செம்பாறை எழுந்து நின்ற நாள்

அந்தக் காலத்தில் காற்றும் கல்லும் ஓணானும் மனிதரும் ஒரே பேச்சுத்தான் பேசிக்கொண்டிருந்தார்கள். யார் எதைச் சொன்னாலும் மற்ற எல்லோருக்கும் புரியும். அதனாலேயே சண்டையும் அதிகம்.

அப்போது செந்தேரி என்று ஒரு நாடு இருந்தது. நாடு என்றால் வயலும் வாய்க்காலும் கிடையாது. கண்ணுக்கு எட்டிய மட்டும் சிவந்த மணல்தான், மேடு மேடாகக் கிடக்கும். காலையில் ஓரிடத்தில் இருக்கும் மேடு சாயங்காலம் வேறோரிடத்தில் இருக்கும். இடையிடையே ஒற்றை உடைமரம். அந்த மணல்காட்டை நட்டநடுவே வகிர்ந்துகொண்டு ஒரு பெரிய பாறை படுத்திருந்தது. மணலே இறுகி இறுகிக் கல்லான செம்பாறை. பத்துப் பனை உயரம். வடக்கு முனையிலிருந்து தெற்கு முனைக்கு நடந்தால் பத்து நாள் ஆகும். வழியில் ஒரு வாய்த் தண்ணீர் கிடைக்காது.

பாறைக்குக் கிழக்கே மழைக்காலத்தில் புல் முளைக்கும், பள்ளங்களில் தண்ணீர் நிற்கும். மேற்கே ஒரு சுனை. கோடையிலும் அது வற்றாது. அதனால் கிழக்கே இருந்தவர்களெல்லாம் கோடை வந்தால் மேற்கே போயாக வேண்டும்.

போவதற்கு ஒரே ஒரு வழிதான். பாறையின் அடிவயிற்றில், தரையை ஒட்டி, ஒரு முழ உயரத்தில் ஓர் இடுக்கு. அதில் நுழைந்து இருபது அடி ஊர்ந்தால் அந்தப் பக்கம் வெளிச்சம் தெரியும். ஆனால் பாறை ஒரு சட்டம் வைத்திருந்தது. வயிறும் மோவாயும் மண்ணில் பட ஊர்ந்து போகிறவர்களுக்குத்தான் வழி. ஒருக்களித்தாலும் மல்லாந்தாலும் பாறை தன் வயிற்றை இறக்கி அழுத்திவிடும். அடியில் மணலைத் தோண்டிப் பார்த்தவர்களும் உண்டு. எவ்வளவு தோண்டினார்களோ அவ்வளவு பாறை கீழே இறங்கியது.

பாறைக்கு ஏன் இந்த வீம்பு? கடல் அந்த நிலத்தைவிட்டுப் பின்வாங்கிப் போன நாளிலிருந்தே அது குப்புறப் படுத்துக் கிடந்தது. மேலே போகிற காற்றெல்லாம், "என்ன, இன்னும் எழுந்திருக்கவில்லையா?" என்று கேட்டுச் சிரித்துவிட்டுப் போகும். பாறைக்கு எழுந்து நிற்கத் தெரியாது. ஆகவே தன்னைக் கடக்கிறவர் யாரும் தன் எதிரே நிமிர்ந்து போகக் கூடாது என்று முடிவு செய்துகொண்டது.

சட்டத்தைக் காக்க ஓணானைக் காவலுக்கு வைத்திருந்தது. ஓணான் இடுக்கின் வாசலில் தலையைத் தாழ்த்தி உட்கார்ந்திருக்கும். "வயிறு தரையில் படணும். மோவாய் தரையில் படணும். தலையைத் தூக்கிப் பாறையைப் பார்க்கக் கூடாது" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்லும். நரி ஊர்ந்தது. முயல் ஊர்ந்தது. ஆடுகள் முன்னங்காலை மடித்து, பின்னங்காலையும் மடித்து, முட்டி தேய ஊர்ந்தன. கலைமான் மட்டும் கொம்பைத் தாழ்த்த முடியாமல் திரும்பிப் போனது; அதை அப்புறம் யாரும் பார்க்கவில்லை.

ஆடு மேய்த்துப் பிழைக்கும் முப்பது குடும்பங்கள் அந்தச் செம்மணல் தேரியில் இருந்தன. அவர்களுக்குத் தலைவர் கொம்பையா. நாற்பது கோடை அந்த இடுக்கில் ஊர்ந்தவர். அவருடைய முதுகு வளைந்தது வளைந்தபடியே நின்றுவிட்டது. வெட்டவெளியில் நடக்கும்போதும் தரையைப் பார்த்துத்தான் நடப்பார்.

கொம்பையாவின் மகன் பலவேசம். அவன் மனைவி பெயர் வெயிலுகந்தாள். பெயருக்கேற்ற மாதிரி வெயிலைக் கண்டு முகம் சுளிக்காதவள். ஓடுகிற கிடாவைக் கொம்பைப் பிடித்து நிறுத்துகிறவள். மற்றவர்களைப்போல அவளும் ஒவ்வொரு கோடையிலும் ஊர்ந்துதான் போனாள். ஆனால் அந்தப் பக்கம் எழுந்ததும் முழங்கையில் ஒட்டிய மண்ணைத் தட்டிவிட்டு அரைநாள் யாரோடும் பேசமாட்டாள்.

அந்த வருஷம் மழை பொய்த்துப் போயிற்று. வைகாசிவரை தாங்கவேண்டிய தண்ணீர் சித்திரையிலேயே தீர்ந்தது. முப்பது குடும்பமும் மூட்டை கட்டிக்கொண்டு பாறையடிக்கு வந்து சேர்ந்தது. வெயிலுகந்தாளுக்கு அப்போது எட்டு மாதம் முடிந்து ஒன்பதாம் மாதம் பிறந்திருந்தது.

அவளுடைய அக்காள் உச்சிமாளிக்கு இரண்டு வருஷத்துக்கு முன்னால் இதே போல நேர்ந்தது. அவள் ஆறாம் மாதத்து வயிற்றோடு அந்த இடுக்கில் ஊர்ந்தாள். அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்தாள், பிள்ளை தங்கவில்லை. அதைப்பற்றி யாரும் வாய்விட்டுப் பேசியதில்லை.

காலை வெயில் ஏறுவதற்குள் எல்லோரும் போய்விட்டார்கள். முதலில் கொம்பையா, பிறகு ஆடுகள், பிறகு பெண்களும் பிள்ளைகளும். கடைசியில் வெயிலுகந்தாளும் பலவேசமும் நின்றார்கள்.

"படு" என்றது ஓணான்.

"மாட்டேன்" என்றாள் அவள்.

"மாட்டேன் என்றால்?"

"வயித்துல பிள்ளை இருக்கு. குப்புறப் படுக்க முடியாது. நிமிர்ந்து போக வழி விட்டா போறேன். இல்லாட்டி இங்கனயே இருக்கேன்."

இடுக்கின் அந்தப் பக்கத்திலிருந்து கொம்பையா குரல் கொடுத்தார். "மருமகளே, மெள்ள மெள்ள ஊர்ந்து வந்திரு தாயி. நாங்கள்லாம் வரலையா?"

"நீங்க வந்தீங்க மாமா. என் அக்காளும் வந்தா."

கொம்பையாவின் காலடி சுனைப்பக்கம் போவது கேட்டது.

பலவேசம் அவள் அருகில் உட்கார்ந்தான். "நானும் இருக்கேன்" என்றான்.

"ரெண்டு பேரும் உட்கார்ந்திருந்தா தண்ணி யார் கொண்டாறது? நீங்க போங்க. தோல்பையில நிறைச்சுக் காலுல கட்டி இழுத்துட்டு வாங்க."

அப்படியே செய்தான். காலையில் ஒருமுறை, பொழுது சாய ஒருமுறை. கணுக்காலில் கயிற்றைக் கட்டிக்கொண்டு, தண்ணீர்ப் பையை இழுத்துக்கொண்டு ஊர்ந்து வருவான். ஒவ்வொரு தடவையும் முதுகில் புதிதாக ஒரு சிராய்ப்பு இருக்கும். அவள் அதைத் துடைத்துவிடுவாள்.

மற்ற நேரமெல்லாம் அவளுக்கு வேலை ஒன்றும் இல்லை. ஒரு உடைமரத்தடியில் சாய்ந்து உட்கார்ந்து எதிரே இருந்ததைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எதிரே இருந்தது பாறைதான். ஓணான் ஓடி வந்து, "பார்க்கக் கூடாது" என்றது.

"கடக்கிறவங்கதான் பார்க்கக் கூடாது. நான்தான் கடக்கவே இல்லையே" என்றாள் வெயிலுகந்தாள்.

ஓணான் இடுக்கின் வாசலுக்கே திரும்பிப் போயிற்று.

ஒருநாள் முழுக்கப் பார்த்தாள். மறுநாளும் பார்த்தாள். பாறைக்கு என்னவோ போல் இருந்தது. அது அங்கே கிடந்த இத்தனை யுகத்தில் அதை ஒருவரும் ஏறிட்டுப் பார்த்ததில்லை. மூன்றாம் நாள் காலையில் அது வாயைத் திறந்தது.

"என்ன பார்க்கிறாய்?"

குரல் மணலுக்கு அடியிலிருந்து வருவதுபோல் இருந்தது. வெயிலுகந்தாள் பயப்படவில்லை என்று சொல்ல முடியாது. அவள் கை வயிற்றின்மேல் போயிற்று. ஆனால் பார்வையைத் தாழ்த்தவில்லை.

"உன்னைத்தான்."

"என்னில் பார்க்க என்ன இருக்கிறது?"

"உனக்குத் தெரியாதா?"

"நான் குப்புறக் கிடக்கிறேன். எனக்குத் தெரிவதெல்லாம் என் வயிற்றுக்கடியில் இருக்கும் மணல்தான்."

வெயிலுகந்தாள் கொஞ்சம் யோசித்தாள். அவளுக்குப் புகழ்ந்து பேசி வழக்கமில்லை. ஆட்டை விற்கும்போதுகூட இருக்கிற குறையைச் சொல்லிவிடுகிறவள். கண்ணில் பட்டதைச் சொன்னாள்.

"காலம்பற வெயில் படும்போது நீ பழுத்த மிளகா நிறம். உச்சியில வெளிறி மஞ்சளாப் போயிருவே. சாயங்காலம் எங்க ஆட்டு ஈரல் மாதிரி கறுஞ்சிவப்பு. உடம்பு பூரா வரி வரியா ஓடுது, சேலைக்கரை மாதிரி. மேல இருந்து மூணாவது வரி வெள்ளை. அதுல சிப்பி ஒட்டியிருக்கு."

"சிப்பியா?" பாறையின் குரல் மாறிற்று. "கடல் போன பிறகும் அது இருக்கிறதா?"

"இருக்கு. நிறைய இருக்கு."

பாறை அந்த வார்த்தையைத் தனக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்தது. பிறகு, "வேறு?" என்றது.

"வடக்குத் தோள்பட்டை பொரிஞ்சு போயிருக்கு. அங்க பார்க்கச் சகிக்கல. கொப்புளம் உடைஞ்சு ஆறின மாதிரி இருக்கு."

ஓணான் நடுங்கிப் போயிற்று. பாறையோ கோபித்துக்கொள்ளவில்லை. "அதையும் சொல்கிறாயே" என்றது.

"நீ கேட்டே. இருக்கிறதைச் சொன்னேன்."

"அப்படியானால் அந்தச் சிப்பியும் உண்மையாகத்தான் இருக்கும்."

அன்று முழுக்கப் பாறை கேட்டுக்கொண்டே இருந்தது. மேகம் மேலே போனால் தன்மேல் என்ன நிழல் விழுகிறது, தன் முதுகில் ஏதாவது பறவை உட்காருமா, தான் உயரமா குட்டையா, எல்லாம் கேட்டது. அவளும் அலுக்காமல் சொன்னாள். இடையில் ஒரு தடவை அவள், "உன்னைப் பார்க்க ஒரு தேசமே நடந்து வரலாம். நீதான் எல்லாரையும் மண்ணைப் பார்க்க வச்சிருக்கே" என்றாள்.

நான்காம் நாள் பலவேசம் விடியலிலேயே தண்ணீருக்காக ஊர்ந்து போனான். அவன் அந்தப் பக்கம் எழுந்து தோல்பையை நிறைத்துக்கொண்டிருந்தபோது மேல்காற்று எழும்பியது. வழக்கமாக வைகாசி பாதிக்குமேல் வருகிற காற்று, அந்த வருஷம் மழையைப்போலவே அதுவும் கணக்குத் தப்பி வந்தது. மேற்கே இருந்த மணலை அள்ளிக்கொண்டு வந்து பாறையில் அடித்தது. அள்ளி வந்த மணலெல்லாம் இடுக்கில் புகுந்தது. பலவேசம் ஓடி வந்து இரண்டு கையாலும் தோண்டினான். கொம்பையா தோண்டினார். உச்சிமாளி தோண்டினாள். முப்பது குடும்பமும் தோண்டியது. ஒரு கை தோண்டினால் காற்று மூன்று கை மணலைக் கொண்டுவந்து போட்டது.

மேல்காற்று மூடிய இடுக்கு ஆவணியில்தான் திறக்கும். அது எல்லோருக்கும் தெரியும்.

கிழக்கே வெயிலுகந்தாள் இடுக்கருகில் வந்து பார்த்தாள். மணல் வாசல்வரை நிறைந்து வழிந்திருந்தது. அவளிடம் இருந்தது அரைப்பை தண்ணீர். அவள் குனிந்து கையால் மணலைத் தொட்டுப் பார்க்கும்போதே இடுப்பில் முதல் வலி எடுத்தது.

உடைமரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வலி போயிற்று. அவள் பாறையை நிமிர்ந்து பார்த்தாள்.

"வலி எடுத்திருச்சு" என்றாள்.

"எனக்குக் காற்றை நிறுத்தத் தெரியாதே" என்றது பாறை. அதன் குரலில் வீம்பு இல்லை.

"காத்தை நிறுத்தச் சொல்லல. நீ எந்திரி."

"எழுந்திருக்கவா?" பாறை தடுமாறியது. "நான் ஒருநாளும் எழுந்ததில்லை. எப்படி எழுந்திருப்பது என்று எனக்குத் தெரியாது."

"எனக்கும் இதுதான் தலைப்பிள்ளை. எப்படிப் பெறணும்னு எனக்கு மட்டும் தெரியுமா?"

ஓணான் குறுக்கே ஓடி வந்தது. "வேண்டாம். எழுந்தால் நடு உடம்பு மெலிந்து போகும். காற்று நான்கு பக்கமும் தேய்க்கும். படுத்திருக்கிறவரை உனக்கு அழிவில்லை. நின்றால் என்றைக்காவது ஒருநாள் நீ விழவேண்டிவரும்."

அது பொய்யில்லை. பாறைக்கும் அது தெரியும்.

வெயிலுகந்தாளுக்கு இரண்டாவது வலி எடுத்தது. இந்தத் தடவை பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். அது அடங்கியதும் அரைப்பை தண்ணீரையும் குடித்தாள். சேலை முந்தானையை இடுப்பில் இறுகச் செருகினாள். இரண்டு கைகளையும் வயிற்றுக்கு அடியில் கொடுத்துத் தாங்கிக்கொண்டாள். பிறகு தலையை நிமிர்த்தி, பாறையின் நட்டநடு முகத்தைப் பார்த்து நடக்கத் தொடங்கினாள். எதிரே கதவு திறந்திருக்கிற வீட்டுக்குள் போகிறவள்போல நடந்தாள்.

"நில்" என்றது பாறை.

அவள் நிற்கவில்லை.

"முட்டிக்கொள்வாய். நில்."

"நான் கிளம்பிட்டேன். முட்டுறதும் முட்டாததும் உன் கையிலதான் இருக்கு."

பத்தடி இருந்தது. ஐந்தடி இருந்தது. அவளுடைய மூச்சு பாறையின்மேல் பட்டது. யுகம் யுகமாகப் படுத்திருந்த அந்த உடம்பில் முதலில் ஒரு நடுக்கம் ஓடியது. பிறகு இடி இடித்ததுபோல ஒரு சத்தம். பாறை வடக்கே ஒரு காலையும் தெற்கே ஒரு காலையும் மணலில் ஊன்றியது. பத்து நாள் நடைக்கு நீண்டு கிடந்த உடம்பை இரண்டு பக்கத்திலிருந்தும் இழுத்துச் சேர்த்தது. இழுத்தும் வராத பகுதியெல்லாம் பொலபொலவென்று உதிர்ந்து மணலாயிற்று. அடிவயிறு தரையைவிட்டு அகன்றது. ஒரு முழம், ஓர் ஆள், ஒரு பனை, மூன்று பனை என்று மேலே போய் வானத்தில் வில்லாக வளைந்து நின்றது.

காற்றுகூட ஒரு கணம் வீச மறந்துபோயிற்று. அதற்குக் கேலி செய்ய ஒன்றும் அகப்படவில்லை.

வெயிலுகந்தாள் நடையை நிறுத்தவே இல்லை. பாறை எழுந்துகொண்டிருக்கும்போதே அதனடியில் நடந்தாள். சிவந்த மணல் அவள் தலையிலும் தோளிலும் உதிர்ந்தது. தட்டிவிடவில்லை. அந்தப் பக்கம் மணலில் முழங்கால்வரை புதைந்து, கையில் தோண்டிய மண்ணோடு உறைந்துபோய் நின்றிருந்தார்கள் அவளுடைய சனங்கள். முதலில் பலவேசம்தான் ஓடிவந்தான். அவன் பிடித்துக்கொண்ட பிறகுதான் அவள் நின்றாள்.

"தண்ணி கொண்டாறேன்னு போனீங்களே" என்றாள்.

அவன் சிரித்தான். கண்ணில் நீர் வழிந்தது.

வளைவின் நிழலிலேயே சேலைகளைக் கட்டி மறைத்தார்கள். உச்சிமாளி தங்கையின் தலையை மடியில் வைத்துக்கொண்டாள். வெயில் உச்சிக்கு வருவதற்குள் பிள்ளை பிறந்தது, பெண் பிள்ளை. நல்ல பெருங்குரல். உச்சிமாளிதான் அதைத் துடைத்து ஏந்தினாள். தன் மடியில் தங்காமல் போனதை அவள் நினைத்திருப்பாள். முகத்தில் அது தெரிந்தது. ஆனால் பிள்ளையைத் தூக்கி வளைவின் பக்கம் திருப்பிக் காட்டியபோது அவள் குரல் உடையவில்லை. "பார் கண்ணே. உங்க அம்மா எந்திரிக்க வச்சது" என்றாள்.

"என்னவாம்?" என்று மேலிருந்து கேட்டது பாறை. இப்போது அதன் குரல் மணலுக்கடியிலிருந்து வரவில்லை, வானத்திலிருந்து வந்தது.

"பொண்ணு" என்றாள் வெயிலுகந்தாள் படுத்தபடியே. "நீ இப்ப எப்படி இருக்கே தெரியுமா? உன் வளைவுக்குள்ள அந்தப் பக்கத்து வானம் முழுசாத் தெரியுது. வெள்ளை வரி உச்சியில ஏறிருச்சு. வடக்குத் தோள் இன்னும் அப்படியேதான் இருக்கு."

பாறை சிரித்தது. அந்தச் சிரிப்பில் இன்னும் கொஞ்சம் மணல் உதிர்ந்தது. "உதிரட்டும். படுத்தே கிடந்திருந்தால் விழமாட்டேன், அது எனக்குத் தெரியும். ஆனால் இதைப் பார்த்திருக்கவும் மாட்டேன். மேற்கே சுனை, கிழக்கே இத்தனை மணல்மேடு! இவ்வளவு பெரிய நாட்டிலா நான் கிடந்தேன்?"

ஓணானுக்கு மட்டும் காவல் வேலை போயிற்று. அது மணலில் நின்றுகொண்டு தலையைத் தூக்கி வளைவைப் பார்த்தது. பழைய பழக்கத்தில் சட்டென்று தாழ்த்திக்கொண்டது. மறுபடியும் ஆசை தாங்காமல் தூக்கிப் பார்த்தது. மறுபடியும் தாழ்த்தியது. இன்றுவரை அதற்கு அந்தப் பழக்கம் போகவில்லை.

கோடை போய் மழை வந்தது. கிழக்கே புல் முளைத்தது. முப்பது குடும்பமும் திரும்பக் கிளம்பியது. இப்போது பாறை வழியாகத்தான் போகவேண்டும் என்று கட்டாயமில்லை. வடக்கேயும் தெற்கேயும் மணல்வெளி திறந்து கிடந்தது. எங்கே வேண்டுமானாலும் கடக்கலாம். ஆனால் ஒருவரும் சுற்றிப் போகவில்லை. ஆடுகளைக்கூட வளைவுக்கு நேராகத்தான் ஓட்டினார்கள்.

கொம்பையா முன்னால் போனார். வளைவை நெருங்கியதும் நாற்பது வருஷத்துப் பழக்கம் அவரைவிட்டுப் போகவில்லை. மோவாய் தானாகத் தாழ்ந்தது, முழங்கால் தானாக மடங்கியது. அவர் மணலில் கை ஊன்றப் போனார்.

பின்னால் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்த வெயிலுகந்தாள் அவர் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். "மாமா, நிமிருங்க" என்றாள்.

"முடியுமா தாயி? முதுகு இறுகிப் போச்சே."

"முதுகு கிடக்கட்டும். கண்ணைத் தூக்குங்க."

கொம்பையா முதலில் கண்ணைத் தூக்கினார். பிறகு மோவாயைத் தூக்கினார். முதுகு எவ்வளவு நிமிருமோ அவ்வளவு நிமிர்ந்தது, அது அதிகமில்லை. ஆனால் அவர் அந்த வளைவை அடியிலிருந்து உச்சிவரை பார்த்துவிட்டார். நாற்பது கோடை கடந்தும் அதன் நிறம் என்னவென்று அவருக்குத் தெரியாது. அவர் வாய் திறந்தபடி நின்றார்.

"என்ன தெரிகிறது, கொம்பையா?" என்று பாறை மேலிருந்து கேட்டது. அது அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

கொம்பையா கையை நீட்டிக் காட்டினார். "உச்சியில ஒரு பருந்து உட்கார்ந்திருக்கு" என்றார் சத்தமாக. "அது உட்கார்ந்திருக்கிற இடந்தான் எங்க ஊர் வாசலு."

சொல்லிவிட்டு மருமகளின் தோளைப் பிடித்துக்கொண்டு, மேலே பார்த்தபடியே நடந்து அந்தப் பக்கம் போனார்.

இப்போது பாறை பேசுவதில்லை. காற்றும் ஓணானும் பேசுவதில்லை. செந்தேரி மணலில் அந்த வளைவு மட்டும் நிற்கிறது, ஒவ்வொரு கோடையிலும் ஒரு கைப்பிடி மெலிந்தபடி. அதைப் பார்க்கத் தொலைதூரத்திலிருந்தெல்லாம் சனம் நடந்து வருகிறது. கோயிலென்றும் குளமென்றும் கண்ட இடத்தில் விழுந்து கும்பிடுகிறவர்கள்கூட அங்கே தலை குனிவதில்லை. தலையில் குடமிருந்தால் குடத்தோடு, இடுப்பில் பிள்ளையிருந்தால் பிள்ளையோடு வளைவின் எதிரே நின்று அடியிலிருந்து உச்சிவரை பார்க்கிறார்கள். கண்ணில் பட்டது எதுவோ அதை வாய்விட்டுச் சத்தமாகச் சொல்கிறார்கள். பிறகு நிமிர்ந்து நடக்கிறார்கள். வெயிலுகந்தாள் வயிற்றைத் தாங்கிக்கொண்டு நேரே நடந்த அன்று முதல்தான் செந்தேரியில் இந்த வழக்கம்.